ஒரு வாரத் தட்டுகள்

ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் யாரைக் கேட்டாலும் தட்டக்கா எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. காலையில் கையெழுத்துப் போடும்போது அவளே அதைப் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் தட்டக்கா. கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு அல்ல. தீப்பெட்டி அளவுக் கண்ணாடித் துண்டு, அதன்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு வெள்ளைப் படலம், அந்த வெள்ளைக்குள் ஊறிப்போன ஆரஞ்சு நிறம். வாரத்துக்கு நாற்பது செய்வாள். நாற்பதையும் வரிசையாக வைத்தால் எது முதலில் செய்தது, எது கடைசியில் செய்தது என்று அவளுக்கே தெரியாது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் செய்வதுதான் வேலையே.

அந்தக் கைப்பக்குவம் அச்சகத்திலிருந்து வந்தது. பதினான்கு வருடம் பெரியப்பாவின் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் நின்றவள். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன்மேல் மை, கையில் ரப்பர் கட்டை. ஒரே இழுப்பு. நடுவில் மனம் கொஞ்சம் எங்காவது போனாலும் கோடு விழும். பாட்டில், பனியன், கடைப்பலகை, எதைக் கீழே வைத்தாலும் எழுத்து அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியப்பா கடையை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போனபோது இவள் வேறு வேலை தேடினாள். 'சமமாகப் பூசத் தெரிந்த ஆள் தேவை' என்று ஓர் அறிவிப்பைப் பார்த்து, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை என்று நினைத்துத்தான் வந்தாள்.

அதற்கு முன் ஆராய்ச்சி மாணவர்களே பூசிக்கொண்டிருந்தார்கள். கருவிக்காரர் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். “ஆளுக்கு ரெண்டு பட்டம் வாங்கினவங்க. அவங்க பூசினத எடுத்துப் பாத்தா பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி இருக்கும்.”

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. தட்டுகளை வாங்கிப்போக வந்த ஆராய்ச்சி மாணவியிடம் கேட்டுவிட்டாள். “இத வச்சு என்னதான் பண்றீங்க?”

அந்த மாணவிக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மெலிந்த உருவம், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா, அதில் இரண்டு எழுதாது. தட்டக்கா அவளை டாக்டரம்மா என்பாள். “இன்னும் ஆகலக்கா” என்று அவள் கூசுவாள். “ஆகத்தானே போறீங்க, நான் இப்பவே பழகிக்கிறேன்” என்பாள் இவள்.

“வண்டி விடற புகைல, நாம விடற மூச்சுல, கரியமில வாயு இருக்குல்ல” என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள். “அது எல்லாம் எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. அந்தச் சாம்பல மறுபடி விறகாக்க முடியுமான்னு பாக்கிறோம். வெறும் வெளிச்சத்த வச்சு.”

“சாம்பல் விறகாகுமா?”

“முழுசா ஆகாது. அதுல ரெண்டு ஆக்சிஜன் ஒட்டிட்டிருக்கு. ஒண்ணப் பிடுங்கிட்டா கார்பன் மோனாக்சைடு. விஷம்தான், ஆனா எரியும். அதுலேருந்து எரிபொருள் செய்யலாம்.”

“பிடுங்கறது யாரு?”

“இந்த ஆரஞ்சுக்குள்ள இருக்கிற ஒரு மூலக்கூறு. வினையூக்கி. நடுவுல ஒரு உலோக அணு, சுத்தி வேலி போட்ட மாதிரி கார்பன்.”

“அத தண்ணில கரைச்சு விட வேண்டியதுதானே. எதுக்கு மெனக்கெட்டுக் கண்ணாடில ஒட்டணும்?”

டாக்டரம்மா நின்றுவிட்டாள். அவளுடைய பேராசிரியர் முதல் நாள் கேட்ட கேள்வி அது. “கரைச்சு விட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டுச் செத்துப்போகும்க்கா. அதனால அதுக்குக் கால் வச்சுச் செய்யறோம். அந்தக் கால் உங்க வெள்ளைப் பொடியப் பிடிச்சுக்கும். பக்கத்துலயே சாயமும் அதே மாதிரி கால் ஊணி நிக்கும். சாயம் வெளிச்சத்த வாங்கிப் பொடிக்கு எலக்ட்ரான் குடுக்கும், பொடி வினையூக்கிக்குக் குடுக்கும், அது கரியமில வாயு மேல வேலையக் காட்டும்.”

“செங்கல் கைமாத்தற மாதிரி.”

“அதேதான். ஆள் நகரக்கூடாது, செங்கல் மட்டும் போகணும்.”

அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கணவனிடம் இதை அப்படியே ஒப்பித்தாள். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் ஐந்து நடை, மாலையில் ஐந்து நடை. சமையலறை வாசலில் நின்று முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னான்: “பொருத்தமான ஜோடிதான். நான் காலைல விடற புகைய நீ சாயந்தரத்துக்குள்ள பிடிச்சுப் போட்டுடுவே.”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“கிண்டல் இல்ல. ஒரு நாளைக்கு எத்தன ட்ரிப் பிடிப்பீங்கன்னு கேட்டுச் சொல்லு.”

அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. வெள்ளைப் பசையை வலையின் வழியே இழுத்துக் கண்ணாடியில் இறக்குவாள். சூளையில் அரைமணி நேரம் சுட்டெடுப்பாள். பசையில் உள்ள எண்ணெய்ச் சமாசாரம் எல்லாம் எரிந்துபோய் வெறும் பொடி மட்டும் தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக நிற்கும். ஆறியதும் சாயமும் வினையூக்கியும் கலந்த கரைசலில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட வேண்டும். வெளுத்துக் கிடந்த தட்டில் நிறம் ஏறுவதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே இல்லை. முகம் சிவக்கிற மாதிரி மெல்ல ஏறும். பிறகு அலசி, உலர்த்தி, இருட்டுப் பெட்டியில் அடுக்கிவிடுவாள். அடுக்கும்போது இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு மெழுகுத்தாள். அச்சகத்தில் முதல் நாள் படித்த பாடம் அது: அச்சான முகம் இன்னொன்றின் மேல் படக்கூடாது, இடைத்தாள் இல்லாமல் அடுக்குகிறவன் அச்சுக்காரனே இல்லை. சரக்கைக் கொடுக்கும்போது இடைத்தாளை உருவிவிட்டுச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். அதுவும் பாடம்தான். ஈரம் ஏறக்கூடாது என்று பெட்டியை உலர்த்தும் அடுப்பின் தலைமேல் வைத்தாள். அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும்.

புதிர் வந்தது ஐந்தாம் மாதத்தில். அன்றன்று செய்த தட்டுகள் ஒரு பங்கு வாயு கொடுத்தால், பெட்டியில் ஒரு வாரம் கிடந்தவை ஐந்து பங்கு கொடுத்தன. டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தாள். கருவிக்காரர் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஊறுகாய் மாதிரி, வச்சா ருசி கூடுது” என்றார்.

அந்த வேடிக்கைப் பேச்சு நாளாக நாளாகக் கொள்கையாகிவிட்டது. ஊன்றிய மூலக்கூறுகள் முதலில் கண்டபடி சாய்ந்து கிடக்கும், ஒரு வாரத்தில் தாமாகவே நிமிர்ந்து வரிசையாக நின்றுகொள்ளும், வரிசை அமைந்தால் வேலை கூடும் என்று மூன்று பக்கம் எழுதினாள் டாக்டரம்மா. பேராசிரியர் அதை இரண்டு முறை படித்து, அழகாக இருக்கிறது என்றார். வழுக்கைத் தலையும் தணிந்த குரலும் உள்ள மனிதர். எதையும் அழகு என்று சுலபத்தில் சொல்லாதவர்.

தட்டக்காவுக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. மதியம் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கான பேர் சாய்ந்து கிடந்து ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தன் வீடு மாதிரி.

இதற்குள் அவளுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வருடமும் தற்காலிகம் என்று ஒரு காகிதம் வரும், கையெழுத்துப் போடுவாள். இந்த வருடம் பேராசிரியர் தாமாகவே அவளை நிரந்தரமாக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் நகலைக் கருவிக்காரர் அவளுக்குப் படித்துக் காட்டினார். 'இவர் செய்து ஒரு வாரம் வைக்கும் தட்டுகள் ஐந்து மடங்கு வாயு தருகின்றன. இந்தக் கைக்கு மாற்று இல்லை.' தேர்வுக்குழு இன்னும் ஆறு மாதத்தில் கூடும், ஒரு சடங்குக்கு நாலு கேள்வி கேட்பார்கள் என்றார்கள். நிரந்தரம் என்றால் மகளின் படிப்புக்கு ஒரு பிடி, தங்கியிருக்கும் வாடகை வீட்டிலேயே ஜன்னலுக்கு நல்ல திரை போடலாம் என்கிற தைரியம். அவள் திரைத்துணி பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரம்மா எழுதியதை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். படித்துப் பார்த்தவர்கள் ஒரு கேள்வியோடு திருப்பினார்கள்: வருகிற வாயுவில் உள்ள கார்பன், நீங்கள் ஊட்டிய கரியமில வாயுவிலிருந்துதான் வருகிறது என்பதற்கு என்ன சாட்சி?

“வேற எங்கேருந்து வரும்?” என்று தட்டக்கா கேட்டாள்.

“எங்கேருந்து வேணும்னாலும் வரலாம்க்கா. உலகமே கார்பன்தானே. கையில இருக்கிற எண்ணெய், ரப்பர் மூடி, எல்லாம்.” டாக்டரம்மா ஒரு சின்ன உருளையைக் காட்டினாள். அது வந்துசேர மூன்று மாதம் பிடித்திருந்தது. “இதுவும் கரியமில வாயுதான். ஆனா இதுக்குள்ள இருக்கிற கார்பன் ஒரு பிடி கனம். இத ஊட்டினா, வெளிய வர்ற வாயுவும் கனமா வரணும். சாதா மோனாக்சைடு இருபத்தெட்டு எடை, இது இருபத்தொன்பது. கருவி எடை போட்டுச் சொல்லிடும்.”

“ஆட்டுமந்தைல நம்ம ஆட்டுக்கு மட்டும் சாயம் பூசி விடற மாதிரி.”

“ஆமா. சாயம் பூசின ஆடே திரும்பி வரணும்.”

ஒரு வாரத் தட்டு ஒன்றைக் காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டில் வைத்து, கனமான வாயுவை ஊட்டி, விளக்கைப் போட்டார்கள். ஆறு மணி நேரம் கழித்துக் கருவிக்காரர் ஊசியால் வாயுவை உறிஞ்சிக் கருவிக்குள் செலுத்தினார். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். இருபத்தொன்பதில் ஒரு சின்ன மேடு எழுந்தது. இருபத்தெட்டில் ஒரு கோபுரம்.

ஐந்து ஆடு வந்தால் நாலு ஊரார் ஆடு.

“காத்து புகுந்திருக்கும்” என்றார் கருவிக்காரர். “நைட்ரஜனும் இருபத்தெட்டுதானே.”

“நைட்ரஜன் முன்னாடியே பிரிஞ்சு போயிடுது சார். இது மோனாக்சைடுதான்” என்றாள் டாக்டரம்மா. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். டாக்டரம்மா ரப்பர் மூடியை மாற்றினாள். குழாய் இணைப்பில் தடவும் மசகை மாற்றினாள். கரைப்பானை மாற்றினாள். கோபுரம் அசையவில்லை. மதியச் சாப்பாட்டை அவள் திறப்பதே இல்லை. டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். தட்டு செய்யும் முறை எழுதிய நோட்டையும் ஒருநாள் வரிவரியாகப் படித்தாள். பூசு, சுடு, ஊறவை, அலசு, உலர்த்து, இருட்டுப் பெட்டியில் ஏழு நாள். இடைத்தாள் அதில் இல்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. தட்டக்காவுக்கு அது ஒரு படியாகவே தோன்றியதில்லை. நடக்கும்போது கால் மாற்றி வைத்தேன் என்று யாராவது எழுதுவார்களா?

ஒரு வியாழக்கிழமை, ஓரம் உடைந்த ஒரு வாரத் தட்டு ஒன்றைத் தூக்கியெறியுமுன் தொட்டியில் காட்டினாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. விழுந்த சொட்டு பரவவில்லை. தாமரை இலையில் நிற்பதுபோல உருண்டு திரண்டு நின்றது.

அவள் குழாயை மூடினாள்.

அலசி எடுத்த புதுத் தட்டுகளை அவள் அறிவாள். நீர் பட்டால் தாகம் எடுத்த மண்போல இழுத்துக்கொள்ளும். காலையில் செய்ததில் ஒன்றை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். தட்டு முழுக்கப் பரவி மறைந்தது. மறுபடி பழையதைப் பார்த்தாள். சொட்டு அங்கேயே நின்று அவளைப் பார்த்தது. நீர் மை ஒட்டாமல் உருளும் காகிதங்களை அச்சகத்தில் எத்தனை பார்த்திருக்கிறாள். அப்படி உருண்டால் காரணம் ஒன்றுதான். எங்கோ மெழுகு பட்டிருக்கிறது.

அடுப்பின் தலைமேலிருந்த பெட்டியை இறக்கி ஒரு தாளை உருவி முகர்ந்தாள். இளஞ்சூட்டில் மெழுகின் மெல்லிய வாசம். தேன்கூடுபோன்ற அந்த ஓட்டைகளுக்குள் ஏழு நாள் அது பையப்பைய ஏறியிருக்கிறது. விளக்கைப் போட்டதும் வெள்ளைப் பொடி அந்த மெழுகைத்தான் கிழித்துத் தின்றிருக்கிறது. வாயு வரும்; ஏன் வராது. மெழுகும் கார்பன்தானே.

ஐந்து மடங்கு என்று எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. ஆனால் அதன் கூடவே இன்னொன்றும் வந்தது, அதற்காக அவள் பிறகு வெட்கப்பட்டாள்: பார்க்க வேண்டும் என்ற ஆசை. அன்றே ஐந்து புதுத் தட்டுகளை மெழுகுத்தாளுக்கு இடையில் வைத்தாள், ஐந்தை மூடிபோட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தாள். தினமும் மதியம் ஒவ்வொன்றை எடுத்து ஒரு சொட்டு. கிண்ணத்துத் தட்டில் சொட்டு மறைந்தது. தாளுக்கு இடையில் இருந்ததில் முதல் நாள் சப்பையாக நின்றது, இரண்டாம் நாள் கொஞ்சம் எழும்பியது, திங்கட்கிழமைக்குள் கண்ணாடி மணிபோல ஆகிவிட்டது. மூலக்கூறுகள் யாரும் எழுந்து நிற்கவில்லை. மெழுகுதான் எழுந்து நின்றது.

தேர்வுக்குழு அந்த வெள்ளிக்கிழமை கூடுவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். மகள் உள்ளறையில் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“தாள் வைக்கறத நிறுத்திடு. கிண்ணத்துல வை. முடிஞ்சுபோச்சு” என்றான். “வெள்ளிக்கிழமை போகட்டும். யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல.”

“உனக்குத் தெரிஞ்சா என்ன, நீ என்ன தேர்வுக்குழுவா?”

அவள் சிரிக்கவில்லை. “நான் நிறுத்திட்டா வாயு குறைஞ்சிடும். ஏன் குறைஞ்சுதுன்னு அந்தப் பொண்ணு இன்னும் ஒரு வருஷம் தேடும். இப்பவே சாப்பிடறதில்ல.”

அவன் ஈரக் கையை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டான். பிறகு, “போன வருஷம் என் வண்டில ஒரு சத்தம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா?” என்றான். “மூணு மாசம். எங்கேருந்து வருதுன்னே தெரியல. கடைசில பாத்தா பழைய மெக்கானிக் ஒரு ஸ்பேனர உள்ளயே விட்டுட்டுப் போயிருக்கான். அவனுக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சிருக்கு. பயந்துகிட்டு சொல்லல.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“கெட்ட வார்த்தைல திட்டினேன்.” எழுந்து விளக்கின் தூசியை ஊதினான். “ஸ்பேனர விட்டதுக்கு இல்ல.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பேராசிரியர், டாக்டரம்மா, கருவிக்காரர் மூவரையும் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். இரண்டு தட்டு, ஒரு சொட்டுக்குழல், ஒரு மெழுகுத்தாள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டாள். ஒன்று மறைந்தது. ஒன்று நின்றது. பிறகு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

“ரெண்டு தட்டுக்கு நடுவுல இத வைப்பேன். குடுக்கும்போது உருவிடுவேன். அதனாலதான் நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க.”

“எவ்வளவு நாளா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“முதல் நாள்லேருந்து சார்.”

கருவிக்காரர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். டாக்டரம்மா குனிந்து, நிற்கிற சொட்டை ஓரத்திலிருந்து பார்த்தாள். அதற்குள் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது.

“மூணு பக்கம் எழுதினேன்” என்றாள். “எந்திரிச்சு நிக்குது, வரிசைல நிக்குதுன்னு. மூணு பக்கம்.” நிமிர்ந்தவள் தட்டக்காவைப் பார்க்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா.”

“இது சொல்ற விஷயம்னே தெரியலம்மா.”

டாக்டரம்மா வெளியே போய்விட்டாள். நடைவழியில் செருப்புச் சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “கரியமில வாயு இல்லாம, வெறும் ஆர்கான் ஊட்டிப் பாத்தோமே, அத எந்தத் தட்டுல பண்ணோம்?”

கருவிக்காரர் பதிவைப் புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தார். “புதுத் தட்டுல சார். ஒரு வாரத் தட்ட வீணாக்க வேண்டாம்னு...”

“வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.” அவர் தலையைத் தடவிக்கொண்டார். “முழுப் பூசணிக்காய யாரும் மறைக்கல. சோத்தயே யாரும் கிளறிப் பாக்கல.”

அன்று மதியமே கிளறிப் பார்த்தார்கள். ஒரு வாரத் தட்டு, வெறும் ஆர்கான். துளிக் கரியமில வாயு இல்லாமலே மோனாக்சைடு கொட்டியது. இதழுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று பேராசிரியர் இரண்டு வரிக் கடிதம் எழுதினார். அடுத்து அலுவலகத்துக் கடிதத்தை எடுத்தார். எடுத்து, தட்டக்காவைக் கூப்பிட்டார்.

“ஐந்து மடங்குன்னு எழுதினது இனிமே பொய். அடிச்சுடணும்.”

“அடிச்சிடுங்க சார்.”

“அடிச்சா இந்தக் கடிதத்துல ஒண்ணும் மிச்சம் இருக்காதும்மா.”

“சமமா பூசுவேன்னு எழுதுங்க. அது நெசம்தானே.”

அவர் அதையே எழுதினார்.

வெள்ளிக்கிழமை நீள மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “சமமா பூசறது நல்லதுதான். வேற என்ன சிறப்பு?” என்று கேட்டார். தட்டக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: “ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாப்பேன் சார்.” அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

டாக்டரம்மா நாலு நாள் அவளோடு பேசவில்லை. தட்டு வேண்டுமென்றால் சீட்டு எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் சீட்டு இல்லை. அவளே வந்து நின்றாள். கையில் நோட்டு.

“நீங்க செய்யறது எல்லாத்தையும் சொல்லுங்க. இது ஒரு விஷயமான்னு நீங்க யோசிக்காதீங்க. நான் யோசிக்கிறேன்.”

தட்டக்கா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வலையை எதால் துடைப்பது, கையுறையை எப்போது மாற்றுவது, பசையைக் கிளறுவது கரண்டியாலா கம்பியாலா.

“அப்புறம் கண்ணாடி சுத்தமா இருக்கான்னு ஊதிப் பாப்பேன்.”

பேனா நின்றது. “எப்படி ஊதுவீங்க?”

“வாயாலதான். ஆவி ஒரே மாதிரி படிஞ்சா சுத்தம்.”

“கரியமில வாயு ஆராய்ச்சில,” என்று டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், “மூணு வருஷமா தட்டு மேல மூச்சு விட்டுட்டிருக்கீங்க.”

“சுடறதுக்கு முன்னாடிதான்மா.”

கருவி அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் அடக்கிவைத்திருந்த நாலு நாள் சிரிப்பு. டாக்டரம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. சூளையில் போனால் எதுவும் மிஞ்சாது, அதனால் கெடுதல் இல்லை என்று பிறகு சோதித்துத் தெரிந்துகொண்டார்கள். ஆனாலும் நோட்டில் அது ஏறிவிட்டது: 'படி இரண்டு. ஊதிப் பார்க்க.'

கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு வாரம் வைத்த தட்டுகளை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். உருளையில் மிச்சமிருந்த கனமான வாயு ஒரே ஒரு சோதனைக்குத்தான் வரும் என்றார் கருவிக்காரர். தட்டக்காவுக்கு அன்று பூச்சு வேலை இருந்தது. இருந்தும் ரப்பர் கட்டையைக் கழுவி வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றாள். இருபத்தெட்டில் தரையோடு தரையாக ஒரு கோடு. இருபத்தொன்பதில் அதே பழைய சின்ன மேடு. முன்பு கோபுரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தது; இப்போது தனியாக நின்றது. வந்த ஆடெல்லாம் சாயம் பூசிய ஆடு.

“இவ்வளவுதானா?” என்றார் கருவிக்காரர்.

“இவ்வளவுதான்” என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது அவளுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். வாயில் கவளத்தோடு அந்த மேட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

தட்டக்காவுக்கு அப்போதுதான் அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது. “டாக்டரம்மா, ஒரு பஸ் ஒரு ட்ரிப் போனா வர்ற புகைய, இந்தத் தட்டு பிடிக்க எவ்வளவு நாள் ஆகும்?”

“என்ன திடீர்னு?”

“வீட்டுல கேட்டாங்க. மூணு வருஷமாச்சு.”

டாக்டரம்மா எழுதாத பேனா இரண்டையும் முயன்றுவிட்டு மூன்றாவதை எடுத்து, ஒரு தாளின் பின்புறம் போட்டாள். ஒரு நடைக்கு மூன்று லிட்டர் டீசல், எட்டு கிலோ கரியமில வாயு. மேட்டின் அளவால் வகுத்தாள். ஒரு தடவை சரிபார்த்தாள். காதுவரை சிவந்துபோய்த் தாளை நீட்டினாள்.

அலுவலகக் காகிதம் மறுநாள் வந்தது. நிரந்தரம் இல்லை. தற்காலிகம், இன்னும் ஒரு வருடம்; அடுத்த முறை பரிசீலிக்கப்படும். தட்டக்கா கையெழுத்துப் போட்டாள். திரைத்துணிக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்; அன்றைக்கு எதிர்ச் சாரியில் நடந்தாள்.

கணவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். காகிதத்தை வாங்கிப் படித்து மடித்துக் கொடுத்தான். ஆறுதல் சொல்லத் தெரியாதவன். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

“உங்க கேள்விக்கு விடை கிடைச்சிடுச்சு” என்றாள் அவள். “உங்களோட ஒரு ட்ரிப்ப ஒரு தட்டு பிடிக்கணும்னா, விளக்கு ராப்பகலா எரியணும். பத்தாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் மேல.”

“பத்தாயிரமா?”

“அதுவும் தட்டு களைச்சுப்போகாம இருந்தா. அது ரெண்டே நாள்ல களைச்சுப்போகுது.”

அவன் கன்னத்தைச் சொறிந்துகொண்டு தெருவைப் பார்த்தான். “நீ வாரத்துக்கு நாப்பது தட்டு செய்யறேல்ல?”

“ஆமா.”

“அப்போ நாப்பதுமா சேந்தா இருநூத்தம்பது வருஷம்.” யோசித்தான். “உனக்கு ஒரு வருஷம்தானே குடுத்திருக்காங்க.”

“அதான்” என்று அவள் செருப்பைக் கழற்றினாள். “நீங்க கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க.”